நான்காவது கை

சிவகங்கையிலிருந்து மாத்திரை டப்பாவில் வந்தது
கிராஃபைட் செதில்.
பர்லியாறு தாண்டி பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும்
வாந்தியெடுக்காத ஒரே பயணி.
டப்பாவின் மேல் இன்னும் இருக்கிறது
யாருடைய சர்க்கரை நோயோ,
காலை ஒன்று, இரவு ஒன்று.

ஒட்டுநாடா, சேரிங்கிராஸ் கடையில் பதினைந்து ரூபாய்.
ஒட்டு. உரி.
மடித்து ஒட்டு. உரி.
உரிக்க உரிக்கக் கறுப்பு சாம்பலாகி
சாம்பல் புகையாகி
கடைசியில் நாடாவில் ஒன்றுமே இல்லை போலிருக்கும்.
தேட வேண்டிய இடம் அதுதான்.

அக்டோபர் ஊட்டியில் நாடாவும் ஈரம் குடிக்கும்.
ஹீட்டரின் முன் காயவைத்துக் காயவைத்து
நூற்று எழுபதாவது சிலிக்கான் வில்லையில்,
நுண்ணோக்கி காட்டிய ஊதாத் தரையில்
ஒரு கறை.
கறை என்பதே அதிகம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ
பேச வந்து பேசாமல் விட்ட மூச்சு.

ஓர் அணு தடிமன்.
விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டே சொச்சம் எடுத்துக்கொண்டு
மிச்சத்தை அப்படியே போகவிடுகிறது.
இந்த மலைக்கு வந்த எந்தக் கம்பெனியும்
இவ்வளவு கொஞ்சமாய் எடுத்ததில்லை.

ஒவ்வொரு கார்பனும்
மூன்று கையால் மூன்று பக்கத்து வீட்டைப் பிடித்திருக்கிறது.
எஃகு வெட்கப்படும் பிடி.
நான்காவது கையிலிருந்ததை
தகடு முழுவதற்கும் பொதுவென்று விட்டுவிட்டது.
அந்த எலக்ட்ரானுக்கு இனி ஓர் அணு சொந்தமில்லை.
எடையே இல்லாததுபோல் ஓடுகிறது,
ஒளியின் வேகத்தில் முந்நூறில் ஒரு பங்கில்,
ஒளி நடக்கும் ஒழுங்கில்.

‘எங்க அப்பாவும் அப்படித்தான்’ என்றாள்
ஆய்வக உதவியாளர் லூர்துமலர்,
பீக்கரைக் கழுவியபடி.
‘ஹட்டன்ல கள்ளத்தோணி. இங்க சிலோன்காரன்.
எந்த ஊருக்கும் சொந்தமில்ல.
ஆனா அவரு ஓடல சார்,
தலைமன்னார்ல கப்பலுக்கு, மண்டபத்துல அரிசிக்கு,
கோத்தகிரில வேலைக்கு
கியூவுல நின்னாரு.’
உவமை அந்த இடத்தில் உடைந்தது.
உடையட்டும்.

வெள்ளிப் பசையால் இரண்டு கம்பி ஒட்டி
மீட்டரில் கோத்தேன்.
நாலாயிரத்து நூற்றிருபது ஓம்.
நிலைத்து நின்றது, தேநீர் ஆறும்வரை.
பிறகு யாரும் தொடாமல்
நாலாயிரத்துத் தொண்ணூறு.
நாலாயிரத்து ஐம்பது.
திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்குள்
தொட்டபெட்டா பக்கத்து மூடுபனி
ஒரு முழம் வந்திருந்தது.

எதற்கும் அசையாத பிடி
ஒரு துளிகூட ஆகாத ஈரத்துக்கு
எண்ணை மாற்றிச் சொல்கிறது.
லூர்துமலர் ஜன்னலைச் சாத்தினாள்.
எண் உடனே திரும்பவில்லை.
மேலே படிந்தது போக நேரமெடுக்கும்,
எல்லாருக்கும் போல.

கோயம்புத்தூரிலிருந்து கடிதம்:
இதை ஸ்விட்ச் ஆக்க முடியுமா?
முடியாது ஐயா.
ஸ்விட்ச் என்றால் அணைய வேண்டும்.
அணைய ஓர் இடைவெளி வேண்டும்.
இதன் இரண்டு ஆற்றல் பட்டைகளும்
ஒரே ஒரு புள்ளியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன,
நடுவே தாண்ட வாய்க்கால்கூட இல்லை.
கீழிருந்து எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்து அமுக்கினாலும்
கொஞ்சம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.
பதில் வந்தது. ‘குறைபாடு’ என்று ஒரே சொல்,
அடிக்கோட்டோடு.

ஆறு நாற்பதுக்கு மின்சாரம் போனது.
ஹீட்டர் செத்தது, நுண்ணோக்கி செத்தது,
ஸ்டோன்ஹவுஸ் மலை முழுதும் செத்தது.
மீட்டரில் மட்டும், அதன் ஒன்பது வோல்ட் பேட்டரியில்,
எண்கள் ஏறிக்கொண்டிருந்தன, மெதுவாக.
அதன் வெளிச்சத்தில் பதிவேட்டைத் திறந்தேன்.
‘குறிப்பு’ என்ற கட்டத்தில் எனக்கு முன்பே
லூர்துமலர் எழுதியிருந்தாள்:
ஜன்னல் திறந்திருந்தது.