பாதி மோதிர விரல்

கை குளிர்ந்திருந்தால் நரம்பு மெதுவாக ஓடும்.
மலை ஊர்களில் வெந்நீர்ப் பை வைத்திருப்பார்களாம்.
எண்பதடி ரோட்டு ஆய்வகத்தில், மே மாதத்தில்,
நான் ஏசியை அணைத்தால் போதும்.

ஒச்சப்பன், வயது நாற்பத்தாறு,
சிம்மக்கல் ராத்திரிக் கடையில் பரோட்டா மாஸ்டர்.
சீட்டில் 'வலது கை மரமரப்பு'.
"அப்படி எழுதிட்டாங்க மேடம்.
கை இருக்கு. எனக்குத்தான் இல்ல."

பசை தடவி, தகடு ஒட்டி,
முழங்கை மடிப்பில் மின்முனையை வைத்து அழுத்தினேன்.
கட்டைவிரல் துள்ளியது.
விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"நான் ஆட்டலயே."

ஆமாம், நீங்கள் இல்லை.
உத்தரவு மேலிருந்து வந்ததென்று
தசை பணிந்துவிட்டது.
யார் கையெழுத்து என்று
அது ஒருநாளும் பார்ப்பதில்லை.

வழக்கமாக மேலிருந்துதான் வரும்.
மூளையின் இடப்பக்க மடிப்பில்
வலது கைக்கென்று பட்டா நிலம் உண்டு
(விரலுக்கும் உதட்டுக்கும் ஏக்கர் கணக்கில்,
முதுகு முழுவதற்கும் மூன்று சென்ட்).
அங்கே கிளம்பி, தலையடியில் பக்கம் மாறி,
தண்டுவடத்தில் இறங்கி,
கழுத்து முள்ளெலும்புகளின் இடுக்கில்
ஐந்து வேராக வெளியேறி,
தோளடியில் பின்னிப் பிரிந்து கைக்கு வரும்.
சூடு மேலே போவது வேறு இழைகளில்.
எல்லாமே ஒருவழிப் பாதை.

சில சேதிகளுக்கு மூளை வரை போக நேரமில்லை.
தண்டுவடமே கையை வெடுக்கென்று இழுத்துவிட்டு
அப்புறம்தான் தலைமைக்குத் தகவல் அனுப்பும்.

ஒச்சப்பனின் தண்டுவடம் நன்றாக இருக்கிறது.
அதற்குச் சேதிதான் போய்ச் சேரவில்லை.
"கல்லுல விரல் பட்டு
தோல் கருகுற வாசம் வந்துச்சு.
எவன்டா கறியத் தீய விட்டதுன்னு கத்துனேன்."

திரையில் பச்சை அலை.
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
வினாடிக்கு ஐம்பத்தாறு மீட்டர்.
வைகை எக்ஸ்பிரஸ் அப்படி ஓடியதில்லை.
மணிக்கட்டைத் தாண்டியதும் இருபத்தேழு.

அங்கே ஒரு சுரங்கம்.
ஒன்பது நாண்கள், அவற்றின் நெரிசலில் ஒற்றை நரம்பு.
இருபத்தெட்டு வருஷம் மாவு வீசியதில்
நாண்களின் உறை தடித்துவிட்டது.
மழை பெய்த கர்டர் பாலத்தை நினைச்சுக்கங்க, என்றேன்,
இந்தப் பக்கம் வந்த பஸ்
அந்தப் பக்கம் போகல.

"ஆட்டோக்காரன் சுத்திப் போயிருவானே,"
என்று சுண்டுவிரலை நிமிர்த்தினார்.
"இது நல்லாருக்கு.
இப்ப கல்லுல சூடு பாக்குறது இதுதான்."

சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு.
முழங்கைக்குப் பின்னால் எலும்பை உரசி,
சுரங்கத்துக்குள் நுழையாமல் போகிறது.
அந்தப் படத்தை மனப்பாடம் செய்ய
எனக்கு ஒரு வாரம் ஆனது.

"மோதிர விரல்தான் புரியல.
இந்தப் பக்கம் தெரியுது,
அந்தப் பக்கம் செத்துக் கெடக்கு."
கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன்.
இருக்கு. இருக்கு. இருக்கு.
இல்ல.
இரண்டு நரம்புகளின் எல்லைக்கோடு
ஒரே விரலின் நடுவே ஓடியது.
மேலே, இரு தரப்புக்கும் பொதுவாக,
மாவு ஏறிய கல்யாண மோதிரம்.

ஆபரேஷன் என்ற சொல் கேட்டதும்
அவர் நெற்றி வியர்த்தது, நெஞ்சு படபடத்தது.
அந்த இலாகா தனி.
அவரையும் கேட்காது, என்னையும் கேட்காது.

"இன்னைக்குக் கடை இருக்கு," என்று எழுந்தார்.

அறிக்கையை அச்சுக்குக் கொடுத்துவிட்டு
கீழே டீ வாங்கினேன்.
கிளாஸில் மோதிர விரலின் ஒரு பக்கத்தை வைத்தேன்,
பிறகு மறுபக்கத்தை.
இரண்டும் சுட்டன.
இத்தனை நாள் அதை
ஒரே சூடு என்றுதான் நினைத்திருந்தேன்.