ஒன்பதாவது ஆள்

கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து
மறுபடி சேர்வதற்குள்
நடுவில் விட்டுப்போன மண் எங்கள் கோரைத்திட்டு.
அறுபத்துமூன்று வீடு. ஒரு கைப்பம்பு.
மல்லிக்கொல்லை, கத்திரிக்கொல்லை.
ஆடுகளை யாரும் எண்ணியதில்லை.

சித்திரையில் புது ஊராட்சிச் செயலர் வந்தார்.
உத்திராபதி.
நல்ல மனுஷன்தான்.
டீ கொடுத்தால் டம்ளரைக் கழுவித்தான் வைப்பார்.
துறைக்கு மேலே நாவல் மரத்தில்
நீலப் பலகை ஒன்றை ஆணியடித்தார்:

கரையில் மாடு கட்டினால் இருநூறு.
தெருவில் ஆடு திரிந்தால் தலைக்கு ஐம்பது.
அனுமதி வாங்காத கொட்டகைக்கு ஐந்நூறு.
படகில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றினால்
ஓட்டுகிறவருக்கு ஆயிரம்.

எது கரை, எது தெரு என்று
பலகையில் இல்லை.
எங்களைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.
மேட்டூரில் திறந்தால் ஐந்தாம் நாள்
தெரு கரையாகும்,
கரை ஆறாகும்,
ஆறு எங்கள் அடுப்படிக்கு வரும்.

கலியமூர்த்தியின் மாட்டுக் கொட்டகையை
ஆவணியில் தண்ணீர் கொண்டுபோனது.
புரட்டாசியில் நோட்டீஸ் வந்தது:
ஏழு நாளில் அகற்று.
அவன் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறான்,
கொட்டகை இருந்ததற்கு
அது ஒன்றுதான் அத்தாட்சி என்கிறான்.

அக்கரையில் ராத்திரி முழுக்க மணல் லாரி உறுமும்.
பலகை சின்னது,
அதற்கு இடம் போதவில்லை.

நான் மூன்றாவது வார்டு உறுப்பினர்.
தீர்மானத்தில் என் கையெழுத்தும் உண்டு.
படிக்காமல் போட்டேன் என்று
இப்போது சொன்னால் ஊர் நம்பும்.
படித்துவிட்டுத்தான் போட்டேன்.
ஆறு வருஷத்துக்கு முன்னால் படகு கவிழ்ந்த அன்று
துறையில் ஒதுங்கிய செருப்புகளை
ஜோடி சேர்த்து வைத்தவள் நான்.
நான்கு செருப்புக்கு ஜோடி கிடைக்கவில்லை.
எட்டு என்ற அந்த எண்
நான் சொல்லித்தான் பலகையில் ஏறியது.

ஐப்பசியில் ஒரு நாள், சாயங்காலம் ஆறு மணி.
கடைசி நடை.
காய்ச்சலில் தையல்நாயகி,
அவளைத் தாங்கிப் பிடித்த மகன்,
இறால் கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் போகும் இரண்டு பெண்கள்,
பால் கேனோடு அண்ணன் தம்பி,
கத்திரிக்காய் மூட்டையோடு கலியமூர்த்தி,
நான்.
கடைசியாக, அபராத ரசீதுப் புத்தகத்தை
அக்குளில் இடுக்கிக்கொண்டு
அவர்.

வைரக்கண்ணு கழியைச் சேற்றில் ஊன்றினான்.
"ஒண்ணு கூடுது" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை.
இறங்குகிறவர் அன்றைக்குத் திட்டில்தான்.
மேற்கே இடி. தண்ணீர் காபி நிறத்தில்
கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.
நான் இறங்கியிருக்கலாம்.
என் வீடு திட்டில்தானே இருக்கிறது.
மறுநாள் காலை பத்து மணிக்கு
ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம்,
நிவாரணப் பட்டியலில் விடுபட்ட
இருபத்திரண்டு வீட்டைப் பற்றி.
நான் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உத்திராபதி தன் செருப்பைப் பார்த்தார்,
தையல்நாயகியைப் பார்த்தார்,
பிறகு படகுப் பதிவேட்டை வாங்கி
முழங்காலில் வைத்து எழுதினார்.
அவர் கையெழுத்து அழகு.
பயணிகள்: எட்டு.

"எடுங்க" என்றார்.

விளிம்புக்கும் தண்ணீருக்கும் இரண்டு விரல் இடைவெளி.
நடு ஆற்றில் எல்லோரும்
மூச்சைக்கூட அளந்து விட்டோம்.
நான் எண்ணினேன்.
அவரிலிருந்து எண்ணினால்
கடைசி ஆள் நான்.
என்னிலிருந்து எண்ணினால் அவர்.
கலியமூர்த்தி சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தான்,
அவன் மட்டும் எதையும் எண்ணவில்லை.

அக்கரை சேர்ந்ததும்
வைரக்கண்ணு ஆளுக்குப் பத்து வாங்கினான்.
விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தரம் எண்ணினான்.
தொண்ணூறு.
செயலரும் கொடுத்தார்.
ரசீது கேட்கவில்லை.