வலது முன் கதவு

சத்துவாச்சாரி. மே மாதத்து ஞாயிறு.
காலை எட்டுக்கே கார்க் கதவைத் தொட்டால்
கையை உதற வைக்கும் வெயில்.
ராணிப்பேட்டை டேனரிக் கணக்கரிடம் வாங்கிய
பன்னிரண்டு வயது வேகன் ஆர்.
அதன் ஸ்பீக்கரில் யார் பேசினாலும்
சளி பிடித்தவர் மாதிரிதான் பேசினார்கள்.

"கடையில குடுத்தா ரெண்டு மணி நேரம்" என்றார் தேவசகாயம்.
ரெண்டாயிரமும் என்றேன்.
ஸ்க்ரூடிரைவர் யார் கையில் இருக்கிறதோ
அவர் சொல்வதுதான் எங்கள் வீட்டில் செல்லும்.

கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ.
கண்ணாடி இறக்கும் பிடிக்குப் பின்னால்
லாடம் போல் வளைந்த சின்னக் கம்பி.
பழந்துணியை நுழைத்து இழுத்தேன்,
டிங்கென்று பறந்து செம்பருத்திக்குள் போனது.
இன்னும் கிடைக்கவில்லை.
பிறகு கிளிப்புகள். ஒன்பதில் மூன்று உடைந்தன.
ஒவ்வொன்று உடையும்போதும்
உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரிவித்தார்.

கதவின் வயிற்றில்
ஒரு கொய்யா இலை, குழந்தையின் ஒற்றைக் கொலுசுமணி,
ஆஸ்பத்திரிப் பார்க்கிங் சீட்டு, மை மங்கி.
கணக்கர் யாரைக் கூட்டி வந்தாரோ.
அன்றைக்கும் நான்
காது பார்க்கும் அறைக்குள்தான் இருந்திருப்பேன்.

பழைய ஸ்பீக்கரின் காகிதம்
ஆம்பூர்ப் பொட்டலம் கட்டிய பேப்பர் போல
எண்ணெய்ப் பழுப்பில், ஓரம் நைந்து.
வயரில் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை.
ஒன்று பழுப்பு. இன்னொன்று பழுப்பில் வெள்ளைக்கோடு.
அதைக் கழற்றும் முன்
சுவர்க் கடிகாரத்து பேட்டரியை எடுத்துவந்து
இரண்டு முனையிலும் தொட்டேன்.
கூம்பு ஒரு நூலளவு உள்ளே போனது. டப்.
மாற்றித் தொட்டேன், வெளியே வந்தது.
மூச்சு எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு
பிளஸ்ஸை யாரிடமும் கேட்க வேண்டாம்.

இடது கதவை அவர் செய்தார்,
பேட்டரி இல்லாமல்.
இரண்டையும் சேர்த்துப் போட்டதும் பாஸ் காணாமல் போனது.
தனித்தனியே மத்தளம், சேர்ந்தால் தகரம்.
ஒன்று தள்ளத் தள்ள மற்றது இழுத்து
நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் மிச்சமில்லை.
"இன்னாத்துக்கு என்னியப் பாக்கற?"
நான் கதவைத்தான் பார்த்தேன்.
மாற்றினார். பேசவில்லை.
கடிகாரம் நின்றிருந்ததால்
எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்று தெரியாது.

சாயங்காலம் போனில் ஒற்றைச் சுருதி ஒன்றை வைத்தேன்.
ஆயிரம், நாலாயிரம், எட்டாயிரம்.
தினமும் ஹெட்போன் மாட்டியவர்களின் காதுக்கு
நான் அனுப்புகிற அதே ஊசிகள்.
கேட்டா பொத்தானை அழுத்துங்க,
சின்னதாக் கேட்டாலும் அழுத்துங்க.
பதினெட்டு வருடமாக என் வாயில் தேய்ந்த வாக்கியம்.
அறையில் எட்டாயிரத்தோடு நிறுத்திவிடுவோம்.
அதற்கு மேல் மனிதர்கள் பேசிக்கொள்வதில்லை.

புது ட்வீட்டருக்காக மேலே ஏறினேன்.
பன்னிரண்டாயிரம், ஓர் இழை.
பதினாலாயிரம்.
கார் வெறும் காராக நின்றது.
"போச்சு. டூப்ளிகேட்டு" என்று
பில்லைத் தேடப் போனார்.

எதிர்வீட்டு ஹப்சா, ஏழு வயது,
சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு
இரண்டு காதையும் பொத்தினாள்.
"ஆன்ட்டி, அத நிறுத்துங்களேன்."
எதை என்று கேட்டேன்.
"அதத்தான்."

வா, விளையாட்டு என்றேன்.
கேட்டால் கையைத் தூக்கு.
பதினைந்தாயிரம். கை.
பதினாறு. முகம் சுளித்து, கை.
சொல்லாமல் ஒலியை நிறுத்தினேன், தொழில் பழக்கம்.
உடனே இறக்கினாள்.
மறுபடி வைத்தேன். தூக்கினாள்.
எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.
பதினேழாயிரத்து ஐந்நூறில்தான்
கையைக் கீழே விட்டு முழங்கையைச் சொறிந்துகொண்டாள்.

பில்லோடு வந்தவரிடம்
ஸ்பீக்கரில் குறை ஒன்றுமில்லை என்றேன்.
அவர் ஹப்சாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பில்லை மடித்து டேஷ்போர்டில் வைத்தார்.

நாளைக்கு வேலை முடிந்து வரும்போது
மூன்று கிளிப், ஒரு லாடக் கம்பி.
கடிகாரத்துக்கு பேட்டரியைத் திருப்பிப் போட வேண்டும்.