பதினைந்து பவுண்டு

கராஜ் விற்பனையில் இருபது டாலர்.
காரில் ஏற்றிவிட்ட வெர்னா கிளாசன்
பயப்படாதே என்றெல்லாம் சொல்லவில்லை.
"கனம். முதுகு பத்திரம்" என்றாள்.

இரண்டு வருடம் பேஸ்மென்டில் கிடந்தது
ஆறு திருகிகளை இறுக்கிக்கொண்டு.
தயாளன் அதன்மேல் பெயின்ட் டப்பா வைத்தான்.
நான் எடுக்கச் சொல்லவில்லை.

இந்த ஆகஸ்டில் பீன்ஸ் அடங்கவில்லை.
லெத்பிரிட்ஜ் காற்று கொடியைப் பிய்த்துப் போட்டாலும்
மறுநாள் காலை
பிய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் காய்த்தது.
ஃப்ரீஸர் நிறைந்தது. பை பையாகக் கொடுத்தேன்.
எதிர்வீட்டுக்காரர் இப்போது
நான் வருவதைப் பார்த்தால்
விளக்கை அணைக்கிறார்.

வெடித்துவிடும் என்றுதானே பயம் என்கிறான் தயாளன்.
வெடித்தால் பரவாயில்லை,
வெடித்தது என்று தெரியும்.
என் பயம் சத்தம் போடாத ஜாதி.
மணக்காது, நுரைக்காது, நிறம் மாறாது,
காற்றில்லாத பாட்டிலுக்குள்
சம்மணமிட்டுக் காத்திருக்கும் ஸ்போர்.
கொதிக்கிற தண்ணீர் அதற்கு வெந்நீர்க் குளியல்.
அதிலும் இது மூவாயிரம் அடி உயரத்து ஊர்.
இங்கே தண்ணீர் அவசரக்குடுக்கை,
தொண்ணூற்றேழு டிகிரியிலேயே
கொதித்துவிட்டேன் என்று பொய் சொல்லும்.

பருப்புக்கு மூன்று, கடலைக்கு ஆறு என்று
விசில் எண்ணியே பழகிய காது எனக்கு.
இதற்கு விசிலும் கிடையாது.

வியாழக்கிழமை, பல் கிளினிக்.
பத்தரை மணி நோயாளி வரவில்லை.
பின்னறையில் ஆட்டோகிளேவ் பெருமூச்சு விட்டது.
கதவைத் திறந்து, பைகளை எடுத்து,
ரோஜா நிறக் கோடு பழுப்பாகிவிட்டதா பார்த்து,
அடுத்த தட்டை வைத்துத் தாழிட்டேன்.
தாழிட்ட கை அப்படியே நின்றது.

நீராவி. அழுத்தம். நேரம்.
பதினோரு வருடமாக, நாளுக்கு எட்டுத் தடவை.
ஊரார் வாய்க்குள் போகும் இரும்புக்கெல்லாம்
நான் ஜாமீன்.
என் தோட்டத்து பீன்ஸுக்குக்
கையெழுத்துப் போட மாட்டேனா?

சனிக்கிழமை பெயின்ட் டப்பாவை இறக்கினேன்.
தயாளனுக்கு அவசரமாக
கடையில் ஆணி வாங்க வேண்டியிருந்தது.

காம்பு கிள்ளி, ஒடித்து,
ஏழு பாட்டில், மேலே ஒரு அங்குலம் காலி.
விளிம்பைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.
பத்து நிமிடம் ஆவி கூரையைப் பார்த்துப் பீறிட்டது.
எடையை அதன்மேல் வைத்ததும்
அடுப்படி ஒரு கணம் மூச்சைப் பிடித்தது.
முள் ஏறியது. ஐந்து. ஒன்பது.
பன்னிரண்டில் நான் கதவருகே போய்விட்டேன்.
பதினைந்தில் எடை
டக டக என்று ஆடத் தொடங்கியது,
தலையாட்டிக்கொண்டே கணக்குப் பார்க்கும்
மளிகைக்கடைக்காரர் மாதிரி.

இருபத்தைந்து நிமிடம்.
எட்டாவது நிமிடம் நாற்காலி போட்டேன்.
பதினைந்தாவது நிமிடம் உட்கார்ந்தேன்.

அணைத்த பிறகுதான் கஷ்டம்.
குக்கரைக் குழாயடியில் காட்டி, கரண்டியால் நெம்பி
ஆவியை விரட்டுகிற பரம்பரை என்னுடையது.
இதைத் தொடக்கூடாது.
முள் தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ராத்திரி, மேஜையில் துண்டு விரித்து நிறுத்தியபின்
முதல் மூடி டிங் என்றது.
படுக்கையிலிருந்து எண்ணினேன்.
ஆறு.

ஏழாவது காலையிலும் மேடாகவே இருந்தது,
விரலால் அழுத்தினால் தவளை மாதிரி துள்ளியது.
தேங்காய் போட்டு மதியமே பொரியல்.
"குழைஞ்சிருக்கு" என்றான்,
இரண்டாம் முறை போட்டுக்கொண்டு.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
பாட்டிலை நெம்பினேன், சின்னதாய் ஒரு மூச்சு,
ஆகஸ்ட் உள்ளே வந்த மாதிரி.
பழுப்பாகிக் காட்ட இதில் கோடு இல்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று
பத்து நிமிடத்துக்குமேல் கொதிக்க வைத்தேன்.
இந்த ஊர்த் தண்ணீர் எனக்குத் தெரியாதா.