மஞ்சள் நகல்

ஜெயித்த அணிக்கு இளஞ்சிவப்புத் தாள்,
தோற்ற அணிக்கு மஞ்சள்.
நான்கு நகல்களில் அதுதான் அடியில்.
பேனாவை எவ்வளவு அழுத்தினாலும்
அதுவரை போய்ச் சேர்வதற்குள்
பெயர்களுக்கு மூச்சு வாங்கிவிடும்.

பதினோரு ஆட்டம். எட்டு இளஞ்சிவப்பு, மூன்று மஞ்சள்.
தாரிக்கின் பழைய காலணிப் பெட்டியில்,
பன்னிரண்டாம் அளவு, எல்லாம் கிடக்கின்றன.

ஸ்கோர் மேசையில் உட்காருகிறவளுக்கு
அணி கிடையாது, கைதட்டக் கூடாது.
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
உட்லண்ட்ஸ் பக்கம், சின்ன அரங்கம்.
மழை பிடித்தால் கூரைச் சத்தம்
நடுவரின் விசிலைத் தின்றுவிடும்.
நான் அவர் விரல்களைப் பார்த்து எழுதுவேன்.
மூன்று விரல் என்றால்
எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்.

கய் ஷெங்குக்குத்தான் வட்டங்கள் அதிகம்.
ஜொகூரிலிருந்து விடியுமுன் பாலம் தாண்டி வருவான்,
குடிநுழைவு வரிசையில் நின்றபடியே தூங்கக் கற்றவன்.
தைச்சுங்கில் ஒரு கிளப் கூப்பிட்டது.
ஒப்பந்தத்தின் சீனத்தை அவனே படித்து
எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னான்.
சம்பளம் வந்த வரியில் மட்டும் குரல் இறங்கியது.
யாரும் மறுபடி கேட்கவில்லை.

தாரிக்குக்கு இருபத்து நான்கு.
தேசிய சேவை முடித்துத் தாமதமாகப் படிக்க வந்தவன்,
இரவெல்லாம் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போனவன்.
காலாங்கில் கையெழுத்துப் போட்ட அன்று
டெலிவரிப் பையை ஈரத்துணியால் துடைத்து
கீழ்மாடிப் பையனுக்குக் கொடுத்தான்.
இனிமே ஒரே வேலைதான் லா, என்றான்,
ஏதோ லீவு கிடைத்தவன் மாதிரி.
மறுநாள் காலை ஆறுக்கே அவனுக்குப் பயிற்சி.

இளம்பரிதிக்கு இரண்டு கடிதம்.
ஈப்போவிலிருந்து ஒன்று,
தற்காப்பு அமைச்சிலிருந்து ஒன்று.
இரண்டாவதில் கேள்வி எதுவும் இல்லை.
ஈப்போக்காரர்கள் காத்திருக்கிறோம் என்றார்களாம்.
ஒரு இடது முழங்கால்
இரண்டு வருஷம் காத்திருக்குமா?
அவன் கோப்பிக் குவளையைச்
சுற்றிக்கொண்டே இருந்தான். குடிக்கவில்லை.

இறுதியாட்டத்தில் அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.
நான்கு நொடி மிச்சம்.
அவன் கையை விட்டுப் போன பந்து
வளையத்தின் விளிம்பில் ஏறி
ஒரு சுற்று யோசித்து
வெளியே விழுந்தது.
அந்தப் பருவத்திலேயே
அரங்கம் முழுக்க எழுந்து நின்றது அதற்குத்தான்.
நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
தவறிய எறிதலுக்குத் தாளில் கட்டம் கிடையாது.
இரண்டு தடித்த கோடு இழுத்து ஆட்டத்தை மூடினேன்.

கூடை என்கிறோம், அடியே இல்லாததை.
அன்றிரவு ரயிலில் இதை நினைத்துச்
சிரிப்பு வந்தது, மார்சிலிங் வரை.
அப்புறம் வரவில்லை.

கய் ஷெங்கைச் சாங்கியில் அனுப்பினோம்,
எடை கூடிய பெட்டியிலிருந்து
இரண்டு மைலோப் பொட்டலங்களை எங்களிடம் தள்ளிவிட்டு.
இளம்பரிதியைப் பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்தில்.
அவன் அம்மா சற்றுத் தள்ளி, போனில்.
தலைமுடியைக் கடைசியாகக் கோதிக்கொண்டு கேட்டான்:
அந்த மஞ்சள் தாள் ஒன்கிட்டயா இருக்கு?
ஆமா.
கிழிச்சிரு.
சரி என்றேன். தெக்கோங்குக்குப் போகிறவனிடம்
வேறென்ன சொல்வது.

புதுப் பருவம். ஒன்பதாம் எண் சட்டை
வேறொரு தோளில், கொஞ்சம் தொளதொளவென்று.
பழக்கத்தில் கை பழைய பெயரைத் தொடங்கி
மூன்றாம் எழுத்தில் நின்றது.
அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: ஃபிர்தௌஸ்.
நடுவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
அந்த அடித்தல் நான்கு தாளிலும் விழுந்திருக்கும்.
எந்த நிறம் எங்களுக்கு என்று இன்னும் தெரியாது.
பந்து மேலே போனது.
மேசைக்கடியில் என் கைகள்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.