முப்பத்திரண்டு

பழங்காநத்தம் டைட்டஸிடம்
ஸ்விஃப்டுக்கு ட்யூன் ஏற்ற
இருபத்தெட்டாயிரம் கொடுத்தேன்.
ஃபைலைக் கேட்டதற்குச் சிரித்தான்:
"புரோட்டா வாங்குனா
சால்னா பக்குவமும் சேத்துக் கேப்பீகளோ?"

இன்று அவன் ஷட்டரில்
‘கடை வாடகைக்கு’.
ஆர்சி புக் என் பெயரில்.
டீசல் எவ்வளவு, எப்போது
என்ற கணக்கு மட்டும்
மஸ்கட் போனவனின் பாஸ்வேர்டுக்குள்.

கம்பெனி ஃபைலையே திரும்ப ஏற்றினேன்.
ஆனையூர் வாசலில், ராத்திரி பதினொன்றுக்கு,
மடியில் சுடும் லேப்டாப்.
நூற்றுக்கணக்கான கட்டங்களில் ஒன்றே ஒன்றைத் தொட்டு
முப்பதை முப்பத்திரண்டாக்கினேன்.
கை நடுங்கியது உண்மை.

காலையில் திருப்பரங்குன்றம் பாலம் ஏறும்போது
பின்னால் வந்த ஷேர் ஆட்டோவையே காணோம்,
அவ்வளவு கரும்புகை.
டிரைவர் பக்கத்தில் வந்து வைதான்.
அந்த வசவில்
டைட்டஸுக்குப் பங்கில்லை.

வீட்டுக்கு வந்து
முப்பத்தொன்று.