நாற்பது மில்லிசெகண்ட்

சரவணம்பட்டியில் ஏழாவது மாடி.
விழும் கட்டங்களுக்கு நேரம் குறிப்பது என் வேலை.
மஞ்சள் வரும், நீலம் வரும்,
கோட்டைத் தொடும்போது விரல் வைத்தால்
'அபாரம்' என்று எழுத்து வெடிக்கும்.
நாற்பது மில்லிசெகண்ட் முன்னே பின்னே போனால் மன்னிப்பு.
அதற்கு மேல் 'தவறியது'.
அந்த நாற்பதை முடிவு செய்தவள் நான்தான்,
ஒரு புதன்கிழமை, சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில்.

புது ஆட்டத்தில் ஜமாப் வேண்டும் என்றார்கள்.
சின்னவேடம்பட்டி லேத்துப் பட்டறையிலிருந்து
கார்வேந்தன் வந்தான்.
வாரமெல்லாம் பம்பு ஷாஃப்ட் கடைகிறவன்,
நோம்பி சாட்டினால் தோளில் மேளம்.
எத்தனை கழுவியும் நகக்கண்ணில் எண்ணெய்.
கண்ணாடி அறைக்குள் அவன் அடித்தபோது
தண்ணீர் பாட்டில்கள் மேசையில் நகர்ந்தன.
அதைப் பதிந்து, நறுக்கி,
கோணலாக நின்றவற்றைக் கோட்டுக்கு இழுத்து
கட்டங்களாக அடுக்கினேன்.
மறுவாரம் போனை அவன் கையில் கொடுத்தேன்.
உங்க அடிதானுங், ஆடிப் பாருங்க.

அபாரம், அபாரம், தவறியது.
அபாரம், அபாரம், தவறியது.
தொடர்ச்சி இரண்டைத் தாண்டவே இல்லை.
பக்கத்து இருக்கையில் ஜெஸிமா
அதே பாட்டில் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தாள்.
அவள் மேளம் தொட்டதில்லை.

அவன் கோபப்படவில்லை.
போனைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்பதுபோல.
"ஏனுங், தப்பா அடிச்சா
சத்தமே வர மாட்டேங்குதுங்களே?
மேளத்துல தப்பா அடிச்சா
ஊருக்கே கேக்குமுங்."

அன்று இரவு கடைசி பஸ்ஸை விட்டேன்.
நேராக்குவதற்கு முந்தைய பதிவைத் திறந்தேன்.
மூன்றாவது அடி ஐம்பத்தெட்டு தாமதம்.
அடுத்த சுற்றில் ஐம்பத்தெட்டு.
அதற்கடுத்து ஐம்பத்தேழு.
முப்பது சுற்றும் பார்த்தேன்.
பிழை இவ்வளவு நேரம் தவறாமல் வராது.
கால் தூக்கி ஆடுகிறவன்
தரையைத் தொடுவதற்கு அவன் விட்ட இடம் அது.
நான் அதைத் தேய்த்து மழித்திருந்தேன்.

கட்டங்களை அழித்தேன்.
கோட்டை, மதிப்பெண்ணை, வெடிக்கும் எழுத்தை.
போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதும்,
மேசைதான் தோல்.
ஓரத்தில் தட்டினால் ஒரு குரல், நடுவில் வேறு,
மெல்லத் தொட்டால் மெல்ல,
பிசகினால் பிசகியது அப்படியே கேட்கும்.
இரண்டு பேர் தட்டினால்
வேகமாகப் போகிறவனுக்காக எதுவும் ஓடாது,
அவனேதான் திரும்பி வர வேண்டும்.

ஜெஸிமா தட்டினாள்.
காலி டப்பா படியில் உருண்டதுபோல இருந்தது.
இன்னொரு முறை.
இன்னொரு முறை.
திரையில் பார்க்க ஒன்றுமில்லாததால்
தன் கையைப் பார்த்தாள்.
ஆறு மணிக்குக் கிளம்பவேண்டியவள்
எட்டே காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

கூட்டத்தில் கேட்டார்கள்,
இதில் ஜெயிப்பது எப்படி?
நாளைக்கும் எதற்காகத் திறப்பார்கள்?
எனக்குப் பதில் தெரியவில்லை.
நாளைக்கு இன்றைவிடக் கொஞ்சம் குறைவாக
அசிங்கமாய்க் கேட்கும் என்றேன்.
ஒருவர் சிரித்தார், ஒருவர் குறித்துக்கொண்டார்.

வெளிவந்த ஆட்டத்தில் கட்டங்கள் விழுகின்றன,
மஞ்சள், நீலம், எல்லாம் பழையபடி.
என்னுடையது ஒன்றே ஒன்று தங்கியது:
தவறினால் இப்போது ஒரு சத்தம் வரும்.
மொத்தென்று, வெட்கம்கெட்ட சத்தம்.
முதல் விமர்சனம், ஒற்றை நட்சத்திரம்:
'தப்பா அடிச்சா காது கூசுது, சரி பண்ணுங்க.'
அதைப் படம் பிடித்துக்
கார்வேந்தனுக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் பதிலில்லை.
பிறகு ஒரு குரல் பதிவு, ஏழு விநாடி.
பேச்சில்லை.
லேத்து ஓடுகிறது,
அதன்மேல் இரும்பில் ஸ்பேனர்,
ஒன்று, இரண்டு,

மூன்று.